முன்னால் ஒரு முதுகு

பக்கிரிசாமி மூன்றாவது தடவையாகப் பாதியில் நின்றுவிட்டான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சுக்குப் பின்னால் இருந்த திடலில், மாலை வெயிலில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. கால் வலிக்கவும் இல்லை. சந்தையில் வழி தவறியவனைப் போல முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா நின்னுட்ட?" என்று ஓரத்திலிருந்து கத்தினான் அய்யாவு.

"முன்னால ஒண்ணுமே இல்லண்ணே."

"முன்னால என்னடா இருக்கணும்? புல்லு இருக்கு. ஓடு!"

"புல்லைப் பார்த்துக்கிட்டு எப்படிண்ணே ஓடுறது?"

அய்யாவு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பந்தயத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

பக்கிரிசாமி டிராலிக்காரன். ரயில் பாதையைச் சோதித்துப் பார்க்கப் போகும் இன்ஸ்பெக்டர், நாலு சக்கரம் வைத்த பலகை வண்டியில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார். டிராலிக்காரர்கள் நாலு பேர், இரண்டிரண்டு பேராக முறை மாற்றிக்கொண்டு, வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேலேயே ஓடி அதைப் பின்னாலிருந்து தள்ளுவார்கள். அய்யாவு, சபாபதி, ஜெயராஜ், பக்கிரிசாமி என்று அந்த நாலு பேரும் ஆறு வருஷமாக ஒரே டிராலி. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் பாதையில் எந்தக் கட்டை ஆடுகிறது என்பது அவர்கள் உள்ளங்காலுக்குத் தெரியும்.

அந்த ஆறு வருஷமும் பக்கிரிசாமி ஓடும்போது பார்த்தது ஒன்றே ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் சண்முகரத்தினத்தின் முதுகு. அவர் போட்டிருக்கும் கோட்டில் எத்தனை இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்பதை இன்ஸ்பெக்டரின் மனைவியைவிட அவன் நன்றாக அறிவான். முதுகு முன்னால் இருந்தால் அவன் குதிரை. முதுகு இல்லையென்றால் நடக்கவே யோசிப்பான்.

இந்த வினோதம் இத்தனை நாள் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் இப்போதுதான் வந்தது.

ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்துபோன 1932-ஆம் வருஷம் அது. எல்லா இடத்திலும் ஆட்குறைப்பு. ஒவ்வொரு டிராலியிலும் ஓர் ஆளைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. குறைக்கப்படுகிறவர்களுக்கு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் சீட்டு. நாலு பேரில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன் பக்கிரிசாமி. அதனால் லிஸ்டில் அவன் பெயர் ஏறிவிட்டது. அவன் மனைவி பவுனம்மாளுக்கு அப்போது ஏழாம் மாதம். ஊரில் போய் இறங்கினால் ஒதுங்கி நிற்கக்கூட அவர்களுக்குச் சொந்தத்தில் ஒரு நிழல் கிடையாது.

இன்ஸ்பெக்டர் சண்முகரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். முணுமுணுப்பார், ஆனால் இரக்கமுள்ளவர். இஞ்சினீயர் துரையிடம் போய், "என்னுடைய டிராலியில் ஒருவன் இருக்கிறான், காற்றைப் போல ஓடுவான்" என்று சொல்லி வைத்தார். ரயில்வேயின் வருடாந்தர விளையாட்டுப் போட்டியில் ஒரு மைல் ஓட்டத்தை மூன்று வருஷமாக ரயில் பட்டறைக்காரர்களே ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். பாதைப் பிரிவைப் பார்க்கும் துரைக்கு அது ஆறாத புண். "உன் ஆள் ஜெயிக்கட்டும், அவன் பெயரை எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

இப்படியாக ஒரு குடும்பத்தின் சோறு நாலு சுற்று ஓட்டத்தில் போய் நின்றது.

அவன் திடலில் நின்றுவிடுகிற செய்தி கேட்டு இன்ஸ்பெக்டர் கலங்கவில்லை. மறுநாள் அவரே ஒரு சிவப்பு அட்டைப் புத்தகத்தோடு திடலுக்கு வந்துவிட்டார். மனத்தின் பலத்தை வளர்ப்பது எப்படி என்று வெள்ளைக்காரர் ஒருவர் எழுதியதாம்.

"இஞ்ச பார் பக்கிரிசாமி. ஓட்டம் காலிலை இல்லை, மண்டைக்குள்ளைதான் இருக்கு. ஓடேக்கை அந்த லிஸ்டை நினையாதை. கப்பலை நினையாதை. உன்ரை மனுசியை நினையாதை. விளங்குதோ?"

"விளங்குதுங்கய்யா."

அதுவரைக்கும் பக்கிரிசாமி ஓடும்போது கப்பலை நினைத்ததில்லை. இன்ஸ்பெக்டர் சொன்ன பிறகு திடலின் முதல் மூலையிலேயே அது வந்து நின்றது. இரண்டாவது மூலையில் பவுனம்மாள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் ஏணியில் ஏறினாள். மூன்றாவது மூலையில் கடல் கொந்தளித்தது. அவன் நின்றுவிட்டான்.

"என்னடா ஆச்சு?" என்று சபாபதி ஓடி வந்து கேட்டான். "பாதிகூட ஓடல!"

"பாதியா? நான் நாகப்பட்டினமே போய்ச் சேர்ந்துட்டேண்ணே."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டினார். "இதுக்கும் மருந்து இருக்கு. இரண்டாம் அத்தியாயம். விடியக் காலமை எழும்பி, கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு, 'நான்தான் முதலாவது ஆள்' எண்டு இருபது தரம் சொல்லு. மனம் அதை நம்பிப்போடும்."

மறுநாள் விடிந்ததும் அடுப்பு மூட்ட எழுந்த பவுனம்மாள், தன் புருஷன் உள்ளங்கை அகலக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவதைப் பார்த்தாள்.

"யாருகிட்ட பேசுறீங்க?"

"என்கிட்டதான்."

"பதில் வருதா?"

"இன்னும் வரல. பத்து நாள் ஆகும்னு இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னாரு."

அவள் அடுப்பை மூட்டவில்லை. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், அய்யாவு மனைவி இராஜம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேருமாகப் பக்கிரிசாமியைத் தண்டவாள ஓரத்தில் இருந்த முனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பூசாரி அவன் கண்ணை விலக்கிப் பார்த்தார், விபூதி போட்டார், காலில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினார்.

"பாதையில எதையோ மிதிச்சிருக்கான். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இவன் இரும்பை மிதிக்கக் கூடாது."

"சாமி, நான் டிராலிக்காரன்."

"நீ யாரா இருந்தா என்ன? இரும்புன்னா இரும்புதான்."

அந்தச் சனிக்கிழமைதான் பந்தயம்.

பக்கிரிசாமி தெய்வத்துக்குப் பயந்தவன். அந்தப் பயம் நல்லதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஏற முடியாதே! காலையில் டிராலியின் முன்னால் நின்று விழித்தான். விஷயத்தைக் கேட்ட ஜெயராஜ் மாதா கோயிலுக்குப் போகிறவன். முனீஸ்வரனுக்கு அவனிடம் எந்த அதிகாரமும் கிடையாது. அவன்தான் முதலில் சொன்னான்: "பக்கிரிசாமி உட்கார்ந்துக்கட்டும். நாங்க தள்ளிக்கிறோம்."

இன்ஸ்பெக்டரும் தடுக்கவில்லை. ஓடப் போகிறவனுக்கு ஓய்வு வேண்டும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறதாம். ஆகவே ஒன்பது நாள் பக்கிரிசாமி இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில், சம்பந்தி வீட்டுக்கு வந்தவனைப் போல முழங்காலைச் சேர்த்துக்கொண்டு, அவருடைய குடையைப் பிடித்தபடி போனான். பாதை வேலைக்காரர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கும் சேர்த்துச் சலாம் போட்டார்கள்.

"புது இன்ஸ்பெக்டரா?" என்று பெட்டாலிங் பக்கம் ஒருவன் கேட்டான்.

"ஆமா. ஒன்பது நாளைக்கு" என்றான் சபாபதி, மூச்சிரைக்க.

மருந்து நோயைக் கூட்டியது. முதன்முறையாகப் பக்கிரிசாமி, இன்ஸ்பெக்டர் தினமும் பார்ப்பதைப் பார்த்தான். முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு கோடுகள் போய்க்கொண்டே இருந்தன, அவ்வளவுதான். பின்னால் மூன்று பேர் மூச்சு வாங்குவது காதில் விழுந்தது. ஓய்வு முறை இல்லாமல், ஏற்றத்தில் மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். அய்யாவுக்கு நாற்பத்தெட்டு வயது. அவன் மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்தது. மெயில் ரயிலுக்கு வழிவிட டிராலியைப் பாதையிலிருந்து இறக்கி வைக்கும்போதெல்லாம் பக்கிரிசாமிக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

வியாழக்கிழமை மாலை அவன் சொல்லிவிட்டான்: "அண்ணே, நான் ஓடல. கப்பலுக்கே போயிடுறேன். எனக்காக நீங்க மூணு பேரும் சாகுறீங்க."

"யாருடா சாகுறா? தள்ளுறோம்" என்றான் அய்யாவு. பிறகு கொஞ்ச நேரம் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே யோசித்தான். "ஏண்டா, உனக்கு முன்னால ஒரு முதுகு வேணும். அவ்வளவுதானே?"

"ஆமாண்ணே."

"எங்க மூணு பேருக்கும் முதுகு இருக்குல்ல? பந்தயத்துக்கு நாங்களும் பேரைக் கொடுத்துடுறோம். முதல் சுத்துக்கு நான். ரெண்டாவது சபாபதி. மூணாவது ஜெயராஜ். எங்க முதுகைப் பார்த்துக்கிட்டே வா."

"நாலாவது சுத்துக்கு?"

"நாலாவதுக்குக் கடவுள்" என்றான் ஜெயராஜ். மற்ற இரண்டு பேரும் மறுக்கவில்லை.

முதுகைக் காட்டுவது என்றால் கைவிட்டுப் போவது என்றுதான் உலகம் பேசுகிறது. ஒரு நண்பனுக்கு உதவுவதற்காக முதுகைக் காட்டத் துணிந்த அந்த மூன்று ஏழைகளை நினைத்தால் நெஞ்சு இளகுகிறது. இப்படிப்பட்ட சின்ன நன்மைகளால்தான் இந்த உலகத்தை இறைவன் இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறான்.

சனிக்கிழமை மாலை. திடலைச் சுற்றிக் கொடி கட்டியிருந்தார்கள். கூடாரத்தில் துரைமார்களும் அவர்கள் மனைவிமார்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ் பியூன் ராதாகிருஷ்ணன் சுற்றுக்கு ஒரு தடவை அடிக்க ஒரு மணியோடு நின்றான். பட்டறையின் வீரன் கர்த்தார் சிங் ஆறடி உயரம். ஓட்டக் கோட்டில் சும்மா நின்றபோதே ஜெயித்தவனைப் போல இருந்தான்.

அய்யாவு வந்து நின்றதைப் பார்த்ததும் கூட்டம் சிரித்தது. அவன் எங்கிருந்தோ இன்ஸ்பெக்டரின் பழைய கோட்டு ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான். கக்கத்தில் குடை.

"குடை எதுக்குய்யா?" என்றார் ஓட்டத்தைத் தொடங்கி வைக்கத் துப்பாக்கி பிடித்திருந்த ஆபீஸ் கிராணி.

"பையனுக்குப் பழக்கம்ங்க."

குடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கோட்டைப் போட்டுக்கொள்ள விட்டுவிட்டார்கள்.

துப்பாக்கி வெடித்தது. நாற்பத்தெட்டு வயது அய்யாவு, பின்னால் பேய் துரத்துகிறவனைப் போலப் பாய்ந்தான். அந்தத் தையல் விட்ட கோட்டைப் பார்த்ததும் பக்கிரிசாமியின் கால்கள் தாமாக எழுந்தன. ஒரு சுற்று முடிந்தது, மணி அடித்தது, அய்யாவு அப்படியே புல்லில் விழுந்தான். சபாபதி முன்னால் வந்தான். அரைச் சுற்றுக்கூட ஓடவில்லை, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு "ஐயோ!" என்று உட்கார்ந்துவிட்டான். ஜெயராஜ் தன் முறை வருமுன்பே முன்னால் பாய வேண்டியதாயிற்று. மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். இரண்டரைச் சுற்று வரைக்கும் மாதா தாங்கினாள். பிறகு அவனும் ஓரமாய்ச் சாய்ந்தான்.

இனி முன்னால் யார்?

கர்த்தார் சிங் இருந்தான். கதவு அகலத்துக்கு ஒரு முதுகு. பக்கிரிசாமி அதைப் பார்த்தான், முகம் மலர்ந்தது. போய் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டான். சிங் வேகமாக ஓடினால் வேகமாக ஓடினான். சிங் மெதுவாக ஓடினால் மெதுவாக ஓடினான். இதைவிட நல்ல முதுகு அவனுக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை.

மூன்றாவது மணியும் அடித்தது. கடைசிச் சுற்று.

"முந்துடா!" என்று புல்லில் கிடந்தபடியே கத்தினான் அய்யாவு.

"எதுக்குண்ணே? நல்லாத்தானே போகுது!" என்று ஓடிக்கொண்டே பதில் சொன்னான் பக்கிரிசாமி.

இன்ஸ்பெக்டர் சண்முகரத்தினம் புத்தகத்தைத் தரையில் போட்டார். "முந்தடா மடையா! முந்து!"

அவன் முந்தவில்லை. முந்தினால் முதுகு போய்விடும். முதுகு போனால் கப்பல் வந்துவிடும். இருநூறு கஜம் இருந்தது. நூற்றைம்பது கஜம் ஆனது. கூட்டத்தின் ஓரத்தில் பவுனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அய்யாவு முழங்காலில் எழுந்தான். ஆறு வருஷமாகப் பாதையில் எந்தச் சத்தத்துக்கு எல்லாரும் நடுங்குவார்களோ, அந்தச் சத்தத்தைக் கொடுத்தான்.

"பின்னால மெயில் வருதுடா! தள்ளு!"

"தள்ளு! தள்ளு!" என்று மற்ற இரண்டு பேரும் அலறினார்கள்.

பக்கிரிசாமியின் இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் நீண்டன. இல்லாத டிராலியின் சட்டத்தைப் பிடித்தன. தலை குனிந்தது. கர்த்தார் சிங் திரும்பிப் பார்த்து, தன்னைத்தான் தள்ள வருகிறான் என்று பயந்து விலகினான். அந்த இடைவெளியில் பக்கிரிசாமி வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான்.

அந்தக் கால் நிமிஷத்தில் அவனுக்குக் கப்பல் இல்லை, லிஸ்ட் இல்லை, முதுகுகூட இல்லை. தான் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்து தவம் செய்கிறவர்களுக்கும் எளிதில் கிடைக்காத ஓர் அமைதி, பிரிக்பீல்ட்ஸ் திடலில் கடைசி நூறு கஜத்துக்கு ஒரு டிராலிக்காரனுக்குக் கிடைத்தது. முடிவுக் கோட்டைத் தாண்டியும் அவன் நிற்கவில்லை. எலுமிச்சைச் சர்பத் வைத்திருந்த மேசையைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் நின்றான்.

அவன்தான் முதல்.

துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரே நாற்காலியிலிருந்து எழுந்து, கையை நீட்டிக்கொண்டு அவனைப் போலவே நாலடி ஓடிக் காட்டினார். துரைசானிகள் கைதட்டினார்கள். கோப்பையைப் பக்கிரிசாமி கையில் கொடுத்துவிட்டு, துரை இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இன்ஸ்பெக்டர் பதில் சொன்னார். துரை மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் மற்ற மூன்று டிராலிக்காரர்களையும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"தொரை என்னங்கய்யா சொல்றாரு?"

"உன்ரை பேரை லிஸ்டிலையிருந்து வெட்டியாச்சாம். நீ வீட்டை போ." அவர் கீழே கிடந்த புத்தகத்தை எடுக்காமலே போய்விட்டார்.

நொண்டிக்கொண்டிருந்த சபாபதியும் இருமிக்கொண்டிருந்த அய்யாவும் ஜெயராஜும் பக்கிரிசாமியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். வழியில் இரண்டு தடவை கீழே போட்டார்கள். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

திங்கட்கிழமை டிராலி வெளியே போகவில்லை. இன்ஸ்பெக்டருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். மாலையில் பவுனம்மாள் கேசரி கிண்டினாள். நாலு பேரும் வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் கால் வீங்கியிருந்தது. இராஜம்மா விளக்கெண்ணெய் சுட வைத்துக் கொண்டுவந்தாள்.

"பிள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போற?" என்றான் ஜெயராஜ்.

"மூணு பேரு பேரையும் சேர்த்து வச்சிடுறேன்."

"பாவம்டா அந்தப் பிள்ளை. பள்ளிக்கூடத்துல பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மணியடிச்சுடும்" என்றான் சபாபதி. கேசரியை விழுங்க முடியாமல் எல்லாரும் சிரித்தார்கள்.

அய்யாவு இரண்டாம் தடவை இலையை நீட்டினான். "இனிமே ஒரு கவலையும் இல்லடா. நாலு பேரும் ஒண்ணாவே இருந்து, ஒண்ணாவே கிழவனாவோம்லா."

அப்போது பியூன் ராதாகிருஷ்ணன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். காக்கிப் பையிலிருந்து பழுப்பு உறைகளை எடுத்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஒரு வாய் கேசரி சாப்பிடு தம்பி" என்றாள் பவுனம்மாள்.

"வேணாங்கக்கா."

பக்கிரிசாமி எழுந்து நின்றான். "எனக்கா? என் பேரைத்தான் வெட்டியாச்சுன்னு தொரையே சொன்னாரே!"

"பயப்படாதண்ணே, உனக்கில்ல" என்றான் ராதாகிருஷ்ணன். "நீ தனியாளா தள்ளிக்கிட்டு வந்த வேகத்தைப் பார்த்துட்டு, இனிமே அந்த டிராலிக்கு இந்த ஒருத்தனே போதும்னு தொரை சொல்லிட்டாரு, இது மத்த மூணு பேருக்கும் கப்பல் சீட்டு."